கதவு வைக்காத அறை

எனக்கு நாய் என்றால் பயம். சின்ன வயதில் ஒன்று என் கெண்டைக்காலைக் கவ்வியதிலிருந்து, தெருமுனையில் வால் தெரிந்தாலே எதிர்ப்பக்கம் நடக்கிறவள் நான். கணவருக்கு வங்காளத்தில் கிடர்பூர் துறைமுகத்துக்கு மாற்றலாகி, பக்கத்தில் பெஹாலாவில் வீடு பிடித்தோம். குடிபோன அன்றுதான் தெரிந்தது, சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் நாய்க் காப்பகம். வீட்டுத் தரகர் மூச்சே விடவில்லை. அந்த ஆளை இன்றைக்குப் பார்த்தாலும் நாலு வார்த்தை கேட்பேன்.

காப்பகம் என்றால் ஒரு தகரக் கூரை, சுற்றிக் கம்பிவலை, அவ்வளவுதான். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நடத்தினார். தெருவே அவரை மாஷிமா என்று கூப்பிட்டது. நம் ஊரில் சித்தி என்பது போல. முதல் மழைக்காலத்தில் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். நனைந்த சாக்குகளின் மேல் நாய்கள், முடி கொட்டிய முதுகுகளைச் சொறிந்துகொண்டு கிடந்தன. பயம் போகவில்லை. ஆனால் அன்று சோறும் இறங்கவில்லை.

எங்கள் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் உண்டு. ஞாயிறு காலைகளில் வாசலில் இட்லி, வடை, காபி விற்று அந்தப் பணத்தை மாஷிமாவிடம் கொடுக்கலாமா என்று கேட்டேன். சரி என்றார்கள். அடுத்தடுத்த தெருக்காரர்கள் டப்பாவோடு வந்து வரிசையில் நின்றார்கள். சட்னி தீர்ந்துவிட்டது என்று சொன்னால் கொலைக் குற்றவாளியைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பணத்தில் சிமெண்டுத் தரை வந்தது, தண்ணீர் வடிய வழி வந்தது, வாரம் ஒருமுறை மருத்துவர் வந்தார். துர்கா பூஜைக்குள் அந்த முதுகுகளில் புது முடி முளைத்துவிட்டது.

அங்கே ஒரு குருட்டுப் பெண் நாய் இருந்தது. லாரி மோதியதில் இரண்டு கண்ணும் போயிருந்தது. அது ஒன்றுக்குத்தான் நான் பயப்படவில்லை. அதனால் என்னை முறைக்க முடியாது, பாருங்கள். நான் போய் நின்றால் உள்ளங்கையை முகர்ந்துவிட்டு, தாடையை அதிலேயே வைத்துக்கொள்ளும். நாற்பது வயதைத் தாண்டி முதல்முறையாக ஒரு நாயைத் தொட்டேன்.

அதற்கு இதயம் பலவீனம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முந்தைய வருஷம் காளி பூஜை இரவில், வெடிச்சத்தம் தாங்காமல் கம்பிவலையைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டதாம். “இன்னொரு காளி பூஜையை இது தாங்காது,” என்றார் மாஷிமா. அதற்காகவே துர்கா பூஜைப் பந்தலுக்குப் பக்கத்தில் நாலு நாள் தோசைக் கடை போட்டோம். தடித்த சுவரோடு, சத்தம் புகாத ஒரு செங்கல் அறை எழும்பியது.

காளி பூஜைக்கு முதல் நாள், கதவைத் தவிர எல்லா வேலையும் முடிந்துவிட்டது. தச்சர் மறுநாள் காலை பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார். வெடி இரவில்தானே என்று நாங்களும் விட்டுவிட்டோம். புது இடம் பழகட்டும் என்று மாஷிமா அன்று மாலையே குருட்டு நாயை அறைக்குள் விட்டு, வாசலில் ஒரு தகரத்தைச் சாய்த்துவைத்தார்.

நான் வேறு சும்மா இருக்கவில்லை. இரவில் இந்தப் பக்கம் வெடிக்காதீர்கள் என்று வங்காளத்தில் நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்தேன். தெரு கிளப்பின் செயலாளர் தொந்தியும் தொப்பையுமான மனிதர், பெரிய பட்டாசுப் பிரியர். அவரை நடுத்தெருவில் நிறுத்தி, என் அரைகுறை வங்காளத்தில் ‘நீங்களெல்லாம் மனிதர்கள்தானா’ என்று கேட்டேன். அவர் கைகூப்பி, ஒரு வெடிகூட வெடிக்காது என்றார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

மறுநாள் எங்களுக்குத் தீபாவளி. அவர்களுடைய பூஜை அன்றிரவு. எங்கள் பண்டிகை விடியற்காலையில். இது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். இருந்தும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் விழுங்கி, பட்டுப்புடவை கட்டியபோதுகூட அந்த நாய் என் நினைவிலேயே வரவில்லை.

“சீக்கிரம் வா, எல்லாரும் கீழ நிக்கறாங்க,” என்றார் கணவர். “இந்த வருஷம் மொத சரம் நீதான் வைக்கணுமாம்.”

முதல் சரத்தை வைக்க வருஷத்துக்கு ஒருவரைக் கூப்பிடுவது எங்கள் குடியிருப்பில் வழக்கம். நாய்களுக்காகக் கடை நடத்தினேன் என்று அந்த மரியாதை எனக்குக் கிடைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வழக்கமான இடத்தில், சுற்றுச்சுவர் ஓரமாக, ஆயிரம்வாலாவை விரித்து வைத்திருந்தார்கள். ஊதுபத்தியை நீட்டிப் பற்றவைத்தேன்.

சரம் வெடித்து ஓய்கிறவரை வேறெதுவும் கேட்கவில்லை. ஓய்ந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் தகரம் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு அத்தனை நாய்களும் ஒன்றாக ஊளையிட்டன. அப்போதுதான் அந்த நாய் நினைவுக்கு வந்தது. கணவர் அடுத்த சரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“வைக்காதீங்க,” என்றேன். என் முகத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சரத்தைக் கீழே போட்டுவிட்டார்.

என் மகள் காப்பகத்துக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்தாள். “அம்மா, குருட்டு நாயைக் காணோம். கேட்டுக்கு அடியில பூந்து போயிடுச்சாம். மாஷிமா அழறாங்க.”

கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே பெரிய சாலை. அந்த நேரத்தில் கிடர்பூர் லாரிகள் கண்மண் தெரியாமல் போகும். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். சாலை நடுவில் பழுப்பாக ஏதோ கிடந்தது. போய்ப் பார்த்தால் சணல் சாக்கு. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போல் இருந்தது.

சந்து சந்தாகத் தேடினேன். தெருநாய்கள் சூழ்ந்துகொண்டு குரைத்தன. ஒன்று முந்தானையைக் கவ்வியது. வேறொரு நாளாக இருந்தால் மயங்கி விழுந்திருப்பேன். அன்று உதறிவிட்டு நடந்தேன். அது எங்காவது இதயம் நின்று கிடக்குமோ என்கிற பயத்துக்கு முன்னால் இந்தப் பயம் நிற்கவில்லை.

கிளப் செயலாளர் பனியனும் லுங்கியுமாக ஸ்கூட்டரில் வந்து நின்றார். மாஷிமா போன் செய்திருக்கிறார். “வாங்க பௌதி, பந்தலுக்கு அடியில என்னமோ முனகுதுன்னு சொல்றாங்க,” என்று வங்காளத்தில் சொன்னார். பௌதி என்றால் அண்ணி. நான் திட்டிய மனிதர்.

காளி பந்தலின் மேடைக்கு அடியில், மூங்கில்களுக்கு நடுவே அது ஒடுங்கிக் கிடந்தது. விலா வேகவேகமாக ஏறி இறங்கியது. உயிர் இருக்கிறது. தரையில் குப்புறப் படுத்து, எப்போதும் போல உள்ளங்கையை நீட்டினேன். அது மூக்கை நீட்டி முகர்ந்தது. என் கையில் வெடிமருந்து வாசனை. உடனே சுருண்டு பின்னால் போனது. மூங்கிலில் முதுகு இடித்த பிறகும் பின்னால் போகப் பார்த்தது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது.

நான் கையை இழுத்துக்கொண்டேன். செயலாளர் தவழ்ந்து போய், தோளில் கிடந்த துண்டால் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல் வெளியே கொண்டுவந்தார். திரும்பி நடக்கும்போது கேட்டார்.

“உங்க பூஜையும் இன்னிக்குத்தானா, பௌதி? எங்களுக்குத் தெரியாம போச்சே.”

கிண்டலே இல்லை. நிஜமாகவே கேட்டார்.

பத்து மணிக்குத் தச்சர் வந்து கதவை மாட்டினார். அன்று இரவு அடுத்த தெருக்களில் வெடித்ததெல்லாம் அந்த அறைக்குள் எங்கோ மூட்டை இறக்குகிற சத்தமாகத்தான் கேட்டது. மாஷிமாவோடு நானும் உள்ளே உட்கார்ந்திருந்தேன். கையைச் சோப்பு போட்டு, சீயக்காய் போட்டு, எலுமிச்சை தேய்த்துக் கழுவியிருந்தேன். குருட்டு நாய் எதிர் மூலையில் மாஷிமாவின் மடியில் தலைவைத்துத் தூங்கியது. ஒருமுறை விழித்து, நான் இருக்கும் பக்கம் மூக்கைத் தூக்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தது. நான் இரண்டு கைகளையும் புடவைக்குள் சுற்றிக்கொண்டு, அது மறுபடி தூங்குகிறவரை அசையாமல் இருந்தேன்.