செல்வராஜ் சாரின் செக்கிங் பெட்டி

செல்வராஜ் சார் இறந்துவிட்டார். நேற்று காலை, ஆம்பூரில், அவர் வீட்டிலேயே.

குரூப்பில் எல்லோரும் கைகூப்பிய படம் போட்டுவிட்டார்கள். நான் போடவில்லை. எனக்கு அவர்மேல் கோபம்... இன்னும் இருக்கிறது. இறந்துவிட்டார் என்பதற்காக அதை அழித்துவிட்டு எழுத எனக்குத் தெரியவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் சிலர் சேர்ந்து ஆம்பூர், குடியாத்தம், பேரணாம்பட்டு பஸ் நேரங்களைக் காட்டும் ஓர் ஆப் செய்கிறோம். ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் அதன் கோடிங்கைப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம்.

அதில் பிளஸ் ஒன் படிக்கும் நான்தான் சின்னவள். சார் ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங் பார்த்து ரிடையர் ஆனவர். அதற்குப் பிறகுதான் கோடிங் கற்றுக்கொண்டாராம்.

ஒருவர் அனுப்பும் திருத்தம் ஆப்பில் எதையாவது உடைக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தானாக ஓட்டிப் பார்க்க ஓர் இடம் வேண்டும். சி.ஐ. சர்வீஸ் என்பார்கள். அங்கே சரி என்று பச்சைப் புள்ளி வந்தால்தான் புது நேரம் மக்களின் போனுக்குப் போகும்.

எந்த சர்வீஸ் என்று முடிவு செய்ய ஆம்பூரில் கூடினோம். மூன்று சர்வீஸ்களை ஒப்பிட்டு நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எது ஓப்பன் சோர்ஸுக்கு இலவசம், எது கார்டு நம்பர் கேட்கும், எது மாதக் கடைசியில் இலவச நிமிடம் தீர்ந்துபோச்சு என்று கைவிரிக்கும்... எல்லாம்.

இரண்டாம் பக்கத்திலேயே சார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாப்பா, கம்பெனில, ஷூ வாங்குற வெளிநாட்டு பையரோட ஆளு வந்து செக் பண்ணுவான். புடிக்கலன்னா ஒதுக்கி வச்சிட்டுப் போய்ட்டே இருப்பான். ஏன்னு கேட்டா சொல்லமாட்டான். அந்த பேஜாரு நமக்கு இன்னாத்துக்கு? செக்கர்னா நம்ம ஆளா இருக்கணும்."

நம்ம ஆள் என்று அவர் சொன்னது அவர் வீட்டில் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியை. எங்கள் குரூப்பில் பாதிப்பேர் ஷூ கம்பெனி வீட்டுப் பிள்ளைகள். பையரின் ஆள் என்றதும் எல்லாத் தலையும் ஆடிவிட்டது.

கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். போனால் வரும், நீ போய் எக்ஸாமுக்குப் படி என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சரி... பெட்டியே ஜெயித்தது.

போன மாதம் எங்கள் ஊர் குடியாத்தத்திலிருந்து ஆம்பூர் போகும் காலை பஸ், ஆறு ஐந்திலிருந்து ஐந்து ஐம்பதுக்கு மாறியது. அம்மா அந்த பஸ்ஸில்தான் கம்பெனிக்குப் போகிறாள். அன்று மாலையே திருத்தி அனுப்பினேன்.

மஞ்சள் புள்ளி. காத்திருக்கிறது என்று அர்த்தம். மறுநாளும் மஞ்சள். அதற்கு மறுநாளும்.

சாருக்கு மெசேஜ் போட்டேன். பெட்டி சர்வீஸுக்குப் போயிருக்கு, வெயிட் பண்ணு பாப்பா என்று பதில் வந்தது. இந்த ஒன்றை மட்டும் கையால் ஏற்றிவிடுங்கள் சார் என்று கெஞ்சினேன்.

"செக் பண்ணாத சரக்கு லைன விட்டு வெளிய போவாது."

நான்காம் நாள் அம்மா வேலையிலிருந்து வந்து, பையைக்கூட வைக்காமல் நின்றாள். பக்கத்துத் தெரு தேவி அக்காவுக்கு அன்று கம்பெனியில் ஸ்டிச்சிங் வேலைக்கு டிரயல். அம்மாதான் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்திருந்தாள். பஸ் நேரத்துக்கு என் பொண்ணு ஆப்பைப் பார்த்துக்கோ, புது நேரம் அதுல வந்திருக்கும் என்று பெருமையாகச் சொன்னதும் அம்மாதான்.

அக்கா ஆப்பைப் பார்த்துவிட்டு ஆறு மணிக்கு ஸ்டாப்புக்கு வந்திருக்கிறாள். அடுத்த பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது கேட் மூடியாகிவிட்டது. அந்த மெஷினில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டார்கள்.

"உன்னுதுல ஆறு அஞ்சுன்னுதான் இருந்துச்சாம்." அம்மா பையை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று குரூப்பில் சாரை மிக மோசமாகத் திட்டி எழுதினேன். அவர் பதிலே போடவில்லை. திமிர் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பச்சை வந்தது... யாருக்கு வேண்டும்.

நேற்று மதியம் அம்மாவோடு அவர் வீட்டுக்குப் போனேன். ஹாலில் டிவிக்குக் கீழே அந்தப் பெட்டி. சாரை எடுத்துப்போன பிறகும் உறுமிக்கொண்டே இருந்தது.

அவர் மனைவி என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"நீதான் அந்தப் பாப்பாவா? கரண்ட் போய் வந்தா நான்தாம்மா பட்டன அமுக்கணும். எங்க இருந்தாலும் போன் பண்ணுவாரு. அடுப்புல கொழம்ப வுட்டுட்டு ஓடியாருவேன். போன மாசம் அவருகூட ஆஸ்பத்திரில கெடந்தேன்... யாரு அமுக்குறது? ஒருத்தருக்கும் சொல்லாதன்னுட்டாரு."

பெட்டி எந்த சர்வீஸுக்கும் போகவில்லை. இத்தனை மாதமாக எங்கள் சி.ஐ. சர்வீஸ் ஆன்ட்டிதான். எங்களில் ஒருவர்கூட அவருக்கு ஒரு தேங்க்ஸ் சொன்னதில்லை.

அங்கேயே அழுதுவிட்டேன். ஆனால் கோபம் போகவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று ஒரு வரி, சார். ஒரே ஒரு வரி போட்டிருந்தால் அந்த நேரத்தை வேறு யாராவது ஏற்றியிருப்பார்கள். தேவி அக்கா இப்போது தீப்பெட்டி ஒட்டுகிறாள்.

இன்று காலை முதல் குரூப்பில் வேறு பேச்சு. சார் நினைவாக அந்தப் பெட்டியே எங்கள் சி.ஐ. ஆகத் தொடர வேண்டுமாம். அதை ஓட்டுக்கு விடப் போகிறார்களாம். வரிசையாக இதயம் போடுகிறார்கள்.

இதயம் போட்டவர்களே, கரண்ட் போனால் உங்களில் யார் ஓடிப் போய்ப் பட்டனை அமுக்கப் போகிறீர்கள்?

ஓட்டு வேண்டாம். நேற்று கிளம்பும்போது ஆன்ட்டியிடம், இந்தப் பெட்டி இங்கேயே இருக்கட்டுமா என்று கேட்டேன். அவர் குனிந்து, பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுற்றி, பெட்டியை என் கையில் கொடுத்தார்.

போய் வாருங்கள் சார். உங்களோடு எனக்கு இன்னும் சண்டைதான்.