அண்ணன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தியது ஏன்

எங்கள் அண்ணனின் முதலாண்டு நினைவுப் பூசைக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய என் வணக்கம். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணனைப் பற்றிப் பெரியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகையால் இதை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காகவே எழுதுகிறேன்.

கண்ணுகளா, பெரியப்பாவின் கார் சாவி இப்போது உங்கள் கையில் இருக்கிறது. வீட்டு வாசலில் இடம் இருந்தும் அவர் ஏன் வண்டியைக் கோயில் மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நடந்து வந்தார் என்று நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். நான் ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கிறேன். அவர் இருந்தவரை வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்க மாட்டோம். இனி எடுக்காமல் இருக்க முடியாது.

அண்ணன் பிறந்தது கிளியூருக்குக் கீழே, எஸ்டேட் லைன் வீட்டில். அப்பாவும் அம்மாவும் காப்பி பறிக்கப் போனவர்கள். அப்பா காலமானபோது அண்ணன் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தார். அதோடு படிப்பு நின்றது. எஸ்டேட் வண்டிகளைக் கழுவப் போனார். கழுவின கையே பிறகு ஸ்டீயரிங் பிடித்தது. லைசென்ஸ் வாங்கி வந்த அன்று அம்மா அவர் நெற்றியில் சிலுவை போட்டு, "மெதுவாப் போ சாமி" என்றார்கள். எஸ்டேட் கைமாறியபோது துரை வீட்டில் ஓடி ஓய்ந்த பழைய கார் ஒன்றைத் தள்ளிவிட்டார்கள். அதை அண்ணன் எடுத்து, வாடகைக்கு ஓட்டினார். என்னைப் படிக்க வைத்ததும், எனக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் அந்தக் கார்தான்.

எங்கள் பக்கத்தில் வீடு என்றாலே சரிவு. பழைய வண்டிக்குப் பேட்டரி பலம் இருக்காது, குளிரில் செல்ஃப் எடுக்காது. ஆகவே மலை டிரைவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. வண்டியை மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல்லைக் கொடுத்துவிடுவார்கள். காலையில் கல்லை எடுத்து, வண்டியை உருளவிட்டு, கியரைப் போட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். அண்ணனும் அப்படித்தான் செய்தார். உருளவிடும் முன் பானெட்டைத் திறந்து, இன்ஜினில் ஆயில் எவ்வளவு என்று காட்டும், கோடு போட்ட கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பார். ஒரு நாளும் தவறியதில்லை. இதை நன்றாக மனதில் வையுங்கள். பின்னால் வந்த வினை, ஆயிலைப் பார்க்காமல் விட்டதால் வந்தது அல்ல.

எழுபதுகளின் கடைசியில் அண்ணிக்கு இரண்டாவது பிரசவம். மூத்தவளான உங்கள் பாப்பா அக்காவுக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. மழை பிடித்த ஒரு மத்தியானம் வலி கண்டது. ரத்தம் நிற்கவில்லை. மருத்துவச்சி வெளியே வந்து, "என் கைக்கு மிஞ்சிருச்சுங்க. சேலம் கொண்டுபோயிருங்க" என்றார்.

நானும் அண்ணனும் அண்ணியைத் தூக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்தோம். நான் அவசரப்படுத்தினேன்.

"இரு தம்பி. ஏத்தம் ஏறோணும்" என்று அண்ணன் கம்பியை உருவினார். முழு அளவைக் காட்டும் மேல் கோடு வரை ஆயில் நின்றது. நானும் பார்த்தேன்.

அந்த வலியிலும் அண்ணி சிரிக்கப் பார்த்தார்கள். "ஏனுங்க, என்னையப் பாக்கறதுக்கு முன்னால அதைப் பாத்தாச்சாக்கும்?"

"அதைப் பாத்தாத்தான் உன்னையக் கொண்டுபோவ முடியும்" என்று சொல்லி அண்ணன் கல்லை எடுத்தார்.

கிளியூரிலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் வழியில் பாதிகூட வந்திருக்க மாட்டோம். இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம். ஆயில் தீர்ந்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு அந்தக் காருக்கு எப்போதோ போய்விட்டிருந்தது. சத்தம் பலமாகி, ஒரு கருகல் வாடை வந்து, வண்டி அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் இறங்கி, வண்டியின் மூக்கில் ஹேண்டிலைப் போட்டு இன்ஜினைச் சுற்றினார். அசையவில்லை. நான் சுற்றினேன், இருவரும் சேர்ந்து தொங்கிப் பார்த்தோம். இன்ஜின் இறுகிப் போயிருந்தது. அண்ணன் சக்கரத்தை எட்டி எட்டி உதைத்தார்.

"ஏனுங்க, அதைய உதைக்காதீங்க. அது என்ன பண்ணும்?" என்றார்கள் அண்ணி.

அந்த வழியில் வேறு வண்டி வரவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்த ஆட்கள் ஓடிவந்து, கம்பளியில் டோலி கட்டினார்கள். மழையில் தூக்கிக்கொண்டு ஏறினோம். நடுவில் ஒருமுறை அண்ணி, "பாப்பாவுக்குப் பால் காச்சி மூடி வெச்சிருக்குது" என்றார்கள். அதற்குப் பிறகு பேசவில்லை. மேல் ரோட்டை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயிற்றில் இருந்த பிள்ளையும் அவர்களோடு போனது. நாங்கள் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்ஜினைப் பிரித்த இடத்தில், ஆயில் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது என்றார்கள். பழைய இன்ஜின் ஆயிலைக் குடிக்கும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது. ஊர் வாய் சும்மா இருக்குமா? டீக்கடையில், "ஆயில் பாக்கத் துப்பில்லாத டிரைவரு, பொண்டாட்டிய ரோட்டுல உட்டுட்டான்" என்று அண்ணன் காதுபடவே பேசினார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து என் சட்டையைப் பிடித்தார்.

"தம்பி, நீ பாத்தீல்ல? மேல் கோடு வரைக்கும் இருந்துச்சா, இல்லியா?"

"இருந்துச்சுண்ணா."

"அப்பறம் எங்கடா போச்சு?"

 அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டார். அப்போது எனக்குப் பயமாக இருந்தது. அவர் படுக்கைக்குப் பக்கத்தில் நான் படுத்துக்கொள்வேன்.

வண்டி வேலை முடிந்து வந்தது. வழக்கம் போல வாசலில் மூக்கு கீழே பார்க்க நிறுத்தினார். காலையில் கம்பியை எடுத்தால், ஆயில் மேல் கோட்டையும் வெகுவாகத் தாண்டி நிற்கிறது. "அளவு தெரியாம ஊத்திட்டானாட்ட இருக்குது. கொஞ்சம் எறக்கோணும்" என்றார். வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் இறக்கச் சமமான தரை வேண்டும். எங்கள் பக்கத்தில் சமமான தரை கோயில் மைதானம் ஒன்றுதான். அங்கே கொண்டுபோனோம். கொஞ்ச நேரம் விட்டு, இறக்குவதற்கு முன் இன்னொரு தடவை கம்பியை எடுத்தார். ஆயில் மேல் கோட்டில் அளவாக நின்றது. தாண்டவே இல்லை.

அண்ணன் கம்பியைத் துடைத்தார், விட்டார், எடுத்தார். மறுபடியும் அதேதான். கம்பியைப் பிடித்தபடியே வீட்டுப் பக்கம் சரிவைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சரிவுல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கி நிக்குதுடா தம்பி. கம்பில ஏறிக் காட்டுது. இத்தன வருசமா இல்லாத ஆயில இருக்குதுன்னு பாத்துட்டு இருந்திருக்கறேன்."

அண்ணி இறந்தபோதுகூட அவர் வாய்விட்டு அழவில்லை. அன்றைக்குத்தான் அழுதார்.

அதற்குப் பிறகு வீட்டு வாசலில் அவர் வண்டியை நிறுத்தியதே இல்லை. சாயங்காலம் கோயில் மைதானத்தில் விட்டுவிட்டு வருவார். காலையில் இன்ஜின் குளிர்ந்து, ஆயில் அடியில் இறங்கியிருக்கும்போது போய்ப் பார்ப்பார். உருட்டிவிட அங்கே சரிவு கிடையாது. பனியில் ஹேண்டில் சுற்றிச் சுற்றி அவர் வலது தோள் தேய்ந்துவிட்டது. காலைப் பூசைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள்.

"ஏனுங்க டிரைவரே, முழங்கால் போடறது சாமிக்குங்களா, வண்டிக்குங்களா?"

"மொதல்ல வண்டிக்குங்க. சாமி காத்திருக்கும், வலி காத்திருக்காது" என்பார்.

கிளியூரிலிருந்தும் செம்மநத்தம் பக்கமிருந்தும் எத்தனையோ பிரசவ வலிக்காரர்களை, பாம்பு கடித்தவர்களை அவர் சேலத்துக்கு இறக்கினார். வண்டி நின்றுபோய் யாரும் வழியில் உயிர் விட்டதில்லை. மற்ற டிரைவர்களையும் விடமாட்டார். வாசலில் நிற்கும் வண்டியில் கம்பியை உருவிப் பார்ப்பவரைக் கண்டால் அவருக்குக் கோபம் தலைக்கேறும். அதனால் அவரைக் கிறுக்கு என்றவர்களும் உண்டு. வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாப்பாவை என் மனைவிதான் வளர்த்தாள். அவளிடம் அண்ணன் அதிகம் பேச மாட்டார். அண்ணியின் சாயல் அவள் முகத்தில் அப்படியே இருந்தது.

போன வருடம் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடச் சிரமமானது. சேலத்துக்குக் கொண்டுபோக வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தேன். ஏறமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஆயில் பாத்தியா?"

"பாத்தேண்ணா."

"எங்க வெச்சு?"

"கோயில் மைதானத்துல வெச்சு."

அதன் பிறகுதான் ஏறினார். அண்ணியைப் படுக்க வைத்த அதே பின் சீட்டு. கார் எங்கும் நிற்காமல் போய்ச் சேர்ந்தது. ஆனால் அண்ணன் உயிரோடு திரும்பவில்லை. சில நாள் கழித்து அதே காரில், பாப்பாவின் மடியில் தலை வைத்து மலை ஏறினார்.

அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும் நர்சம்மாக்களுக்கும், வண்டி நிறுத்த மைதானத்தைக் கொடுத்த பங்குச் சாமியார்களுக்கும், பெட்டி சுமந்தவர்களுக்கும், வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று மழையில் அண்ணிக்கு டோலி தூக்கிய கைகளுக்கு அண்ணன் நன்றி சொன்னதில்லை. வாய் வரவில்லை. அவருக்காக இப்போது நான் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஒன்று. பேட்டரி போனால் வேறு வாங்கலாம். வண்டியை மைதானத்திலேயே நிறுத்துங்கள். தினமும் பாருங்கள், சமதளத்தில் பாருங்கள்.

இன்று வண்டியில் வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அதையேதான் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வண்டிகள் நிற்பது அந்த மைதானத்தில்தான். பூசை முடிவதற்குள் ஆயில் அடியில் இறங்கியிருக்கும். மாலை எதுவும் வேண்டாம். கிளம்பும் முன் கம்பியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். துடைக்க, அண்ணனின் பழைய வேட்டியைக் கிழித்துக் கோயில் படியில் பாப்பா வைத்திருக்கிறாள்.