எலிக்கு ஸ்கேன், எனக்கு ரத்தக்கொதிப்பு

எலி மூளையில ரத்தம் எவ்வளவு ஓடுதுன்னு ஊசி குத்தாம, கத்தி வைக்காம, எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள்ள படுக்க வச்சே அளக்கதுதான் என் பிஎச்.டி. கேக்க சொகமாத்தான் இருக்கும். ஆராய்ச்சின்னு போய் மாட்டிக்கிட்ட ஒங்களுக்குத் தெரியாததா? ஆறு எலி, ஆறு ஒழுங்கான ஸ்கேன். இந்த மாசம் வந்தாத்தான் கைடு கையெழுத்துப் போடுவாரு. இல்லன்னா இன்னும் ஒரு வருஷம் எலிகூடதான் குடித்தனம்.

பஸ்ஸுல வந்த சிபாரிசு

குழித்துறை பஸ்ஸுல எங்க அத்தை பக்கத்துல வந்து இருந்தா. முட்டுவலி, ஸ்கேனுக்கு மூணு வாரம் கழிச்சு வரச் சொல்லிட்டாங்களாம். நான் வாய வச்சிட்டு சும்மா இருந்திருக்கலாம். எலிக்குன்னே தனியா சின்ன மெஷின் இருக்குன்னு சொல்லித் தொலைச்சேன். எறங்குத வரைக்கும் யோசிச்சிட்டு கேட்டா: "எலி போற ஓட்டையில எனக்க முட்டு மட்டும் போவாதா மக்கா?"

செல்வின் அண்ணனுக்க ஜெபம்

மயக்க வாயு குடுக்கது டெக்னீஷியன் செல்வின் அண்ணன். முன்ன ஒரு எலி மயக்கத்துலயே செத்ததுல இருந்து, எலிய மெஷினுக்குள்ள தள்ளுகதுக்கு முன்னால கண்ண மூடி ஜெபம் பண்ணுவாரு. "எலிக்கு எதுக்குண்ணே ஜெபம்?"ன்னு சண்டைக்குப் போனேன். நிதானமா சொன்னாரு: "மயக்கி உள்ள அனுப்புகோம். ஒரு வார்த்த சொல்லாம அனுப்பவா சொல்லுக?"

ஏறிக்கிட்டே போன கணக்கு

ஆறு எலியும் ஒரே வயசு, ஒரே தீனி. ஆனா ரத்த ஓட்டம் மட்டும் எலிக்கு எலி ஏறிக்கிட்டே போகுது. மண்டை காஞ்சு, மயக்கினதுல இருந்து ஸ்கேன் தொடங்குத வரைக்கும் ஆன நேரத்தப் பாத்தா, ஜெபமும் எலிக்கு எலி நீண்டிருக்கு. ஆறாவது எலிக்கு மொவளுக்க பரிச்சை, தம்பிக்க சவுதி விசா எல்லாம் சேத்து ஜெபிச்சிருக்காரு. அவ்வளவு நேரமும் எலி வாயுவ இழுத்துட்டுக் கெடக்கு. அந்த வாயு ரத்தக்குழாய விரிக்கும், ஓட்டம் ஏறத்தான செய்யும்? "எல்லாம் ஒங்க ஜெபத்தாலதாண்ணே"ன்னு கத்தினேன். அவரு முகம் மலந்துபோச்சு: "பாத்தியா, ஆண்டவரு கேட்டுட்டாரு."

கைடு சொன்ன தீர்ப்பு

ஜெபத்த நிறுத்தச் சொல்லுங்க சார்னு கைடுகிட்ட போயி நின்னேன். அவருக்கும் எலி செத்துருமோன்னு உள்ளுக்குள்ள பயம். கண்ணாடியக் கழத்தித் தொடச்சிட்டு சொன்னாரு: "நிறுத்தாண்டாம். ஆறுக்கும் ரெண்டே நிமிஷம், நீ வாட்ச் பாத்து ஆமென் சொல்லு."

மறுபடியும் எடுத்த ஆறு ஸ்கேனும் ஒண்ணுபோல வந்து, கையெழுத்தும் கெடச்சு, தீசிஸ்ல 'எல்லா எலிக்கும் ரெண்டு நிமிடக் காத்திருப்பு'ன்னு எழுதிட்டேன். எதுக்காகக் காத்திருந்துச்சுன்னு எக்ஸாமினர் கேட்டுரப்பிடாதுன்னு இப்ப நான்தான் ஜெபிச்சிட்டுக் கெடக்கேன்.