சாக்கு அறைக்கு வெளியே என் செருப்பு

போன வருடம் மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, திருவனந்தபுரத்தில் நடந்தது இது. ஆரியசாலையில் எங்களுக்குப் பழைய சாக்குக் கடை. கிழிந்த சாக்குகளைத் தைப்பது என் வேலை. ஆட்களிடம் பேசக் கூச்சம் என்பதால் கடையின் பின்பக்கமே எனக்குப் போதும்.

கட்டடக் கலை படிக்கும் ஒரு மலையாளப் பெண் வந்து, கிழிந்த சாக்காகப் பார்த்துக் கேட்டாள். மூங்கிலையும் சாக்கையும் மட்டும் வைத்து ஓர் அறை செய்ய வேண்டுமாம்.

"சாக்கைக் கட்டித் தொங்கவிடுறதுக்கா காலேஜுக்குப் போற மோளே?" என்று கேலி செய்தார் என் வீட்டுக்காரர்.

"கழிஞ்ஞ தடவை தோத்துப் போச்சு அண்ணாச்சி. இதும் போனா ஒரு வர்ஷம் போகும்" என்றாள் சிரித்துக்கொண்டே. பிறகு என்னிடம், "சேச்சி தச்ச சாக்கும் இதில் உண்டு. பார்க்க வரணும்" என்றாள்.

போனேன். கல்லூரி மைதானம் முழுக்க மாணவர்கள் கட்டிய அறைகள். அட்டையில், செங்கலில், ஓலையில். எங்கே நிற்பதென்று தெரியவில்லை. யாரும் பார்க்காமல் இருக்கட்டும் என்று அவளுடைய அறைக்குள் நுழைந்துவிட்டேன்.

உள்ளே அரிசி வாசனை. ஓட்டைகள் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழுந்திருந்தது. வெளியே அத்தனை சத்தம், இங்கே அது எட்டவே இல்லாதது போலிருந்தது. கீழேயே உட்கார்ந்துவிட்டேன்.

சற்று நேரத்தில் வெளியே ஆசிரியர்களின் குரல். வெறும் சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறாய், இதில் அறை எங்கே என்று அவளிடம் மலையாளத்தில் கேட்டார் ஒருவர். எழுந்து போனால் அவளுக்கு இன்னும் கெடுதலாகுமோ என்று நான் அசையாமல் இருந்தேன்.

அப்போது ஒரு டீச்சர், "இது ஆருடெ செருப்பு?" என்றார்.

தலையைக் குனிந்தபடி வெளியே வந்தேன். கழற்றச் சொன்னது யார் என்று கேட்டார்.

"யாரும் சொல்லல டீச்சர். உள்ளே போறதுக்குக் கழட்டினேன்."

டீச்சர் மற்றவரைப் பார்த்தார். காலையிலிருந்து எல்லாவற்றிலும் ஷூவோடு ஏறி இறங்கினோமே, இது அறை இல்லையென்றால் இந்தச் சேச்சிக்கு ஏன் கழற்றத் தோன்றியது என்றார்.

அறை எங்கே என்று கேட்டவர் குனிந்து ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். வெளியே வர வெகுநேரம் ஆனது. அந்தப் பெண் என் கையைப் பிடித்தபடியே நின்றாள். அந்தத் தடவை அவள் தேறிவிட்டாள்.

கூட்டத்தைக் கண்டால் இன்றும் ஒதுங்கத்தான் தோன்றுகிறது. ஆனால் ஒளிந்துகொள்ளப் போன இடத்தில் நான் சும்மா இருந்ததே ஒருத்திக்குக் கைகொடுத்ததை நினைத்தால், எங்கே போனாலும் 'நான் இங்கே எதற்கு' என்ற எண்ணம் முன்போல் வருவதில்லை.