மழையில வீடு காட்டுறவளோட எஸ்.இ.ஓ

"எஸ்.இ.ஓ எல்லாம் செத்துப் போச்சு"ன்னு அந்தாளு சொன்னப்ப எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. அலோர் ஸ்டார்ல நான் வேலை செஞ்ச வீட்டு ஏஜென்சியோட மாடி அறை. காலையில பசியாறிட்டு வந்து எல்லாரும் உக்காந்திருக்கோம். கோலாலம்பூர்லருந்து பாஸ் வரவழைச்ச பயிற்சியாளர் அவரு. சட்டை மடிப்பு கலையாம நின்னுக்கிட்டு, "இனிமே எவனும் நெட்டுல தேடிப் படிக்க மாட்டான். ஒரு வீடியோ பாப்பான், இல்லாட்டி ஏஐகிட்ட கேப்பான். வெப்சைட்டுக்குப் போடுற நேரத்துல நாலு டான்ஸ் வீடியோ போடுங்க"ன்னாரு.

டான்ஸாம்! இந்த வயசுல, இந்த முட்டிவலியை வச்சுக்கிட்டு, ஒரு டெரஸ் வீட்டு வாசல்ல நான் ஆடணுமாம்.

எல்லாரும் தலையாட்டினாங்க. பாஸ் என் பக்கம் திரும்பிச் சிரிச்சாரு. அந்த ஆபீஸ்ல சொந்தமா ஒரு வெப்சைட் வச்சுக்கிட்டு உக்காந்து எழுதுறவ நான் ஒருத்திதான். அதுக்குச் செலவு பண்றதும் நான்தான்.

எஸ்.இ.ஓன்னா மந்திர தந்திரம் ஒண்ணும் இல்லீங்க. வீடு வாங்கப்போற ஒருத்தரு போனை எடுத்து என்ன கேப்பாரோ, அதுக்கு ஒழுங்கான பதிலை எழுதி, தேடினா நம்ம பக்கம் மேல வர்ற மாதிரி அடுக்கி வைக்கிற வேலை. அம்புட்டுத்தான்.

ஆரம்பத்துல நானும் ஊரோட சேந்துதான் ஓடினேன். "கெடாவில் சொகுசு வீடு விற்பனைக்கு"ன்னு பக்கம் பக்கமா எழுதித் தள்ளினேன். அந்த வார்த்தைகளுக்கெல்லாம் பெரிய பெரிய விளம்பர சைட்டுங்க முன்னாடியே பாய் விரிச்சுப் படுத்திருக்கு. நான் எழுதினது எந்த மூலையில கிடந்துச்சோ, எனக்கே கண்டுபிடிக்க முடியல. அந்த மாதிரி எஸ்.இ.ஓ செத்துப் போச்சுன்னா சொல்லுங்க, நானும் வந்து ஒரு மாலை போடுறேன்.

எனக்குப் புத்தி வந்தது வீடு காட்டப் போன இடத்துலதான். எங்க ஆளுங்க வீடு பாக்க வர்ற அழகே தனி. வாங்கப்போறது ஒருத்தரு, வேன்ல வந்து இறங்குறது குடும்பமே. அத்தை வாசல்ல நின்னு போன்ல திசைகாட்டியைத் திறந்து ஒரு சுத்து சுத்துவாங்க. மாமா ஒவ்வொரு சுவரா தட்டிப் பாப்பாரு. இன்னொருத்தரு சமையக்கட்டுல ஒரு வாளித் தண்ணியை ஊத்திட்டு, அது எந்தப் பக்கம் ஓடுதுன்னு குனிஞ்சு பாத்துக்கிட்டே நிப்பாரு. சாமி மேடைக்கு இடம் இருக்கா, கோயிலுக்கு நடந்து போகலாமா, பக்கத்து வீட்டு நாய் எந்நேரமும் குரைக்குமா, எல்லாம் கேட்டு முடிச்சுத்தான் வெலைக்கு வருவாங்க. இம்புட்டும் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணை விட்டுருவாங்க. மழையில வந்து பாக்கவே மாட்டாங்க. புதுச் சேலை, தலையில பூ, நல்ல நேரம், கையில சின்னப் புள்ள. மழை இறங்கிருச்சுன்னா "அடுத்த வாரம் வர்றோம்லா அக்கா"ன்னு போனை வச்சுருவாங்க. வெயில்ல பாத்துட்டு வெயில்லயே கையெழுத்தும் போட்டுருவாங்க.

அதனால அவங்களுக்குப் பதிலா நான் போனேன். மழை வந்தா மத்த ஏஜெண்டுங்க கோப்பிக்கடையில ஒதுங்குவாங்க. நான் குடையை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு தாமானா, அதான் ஒவ்வொரு வீட்டுக் குடியிருப்பா, சுத்துவேன். எந்தச் சாக்கடை நிறைஞ்சு வழியுது, எந்தச் சந்துல கார் மாட்டிக்குது, எந்த வீட்டு வாசல்ல தண்ணி நிக்குதுன்னு படம் எடுப்பேன். தஞ்சோங் டாவாய்ப் பக்கம் கடல் ஏத்தமும் மழையும் ஒண்ணு சேந்தா ரோடு என்ன கதிக்கு ஆளாகுதுன்னுகூட எழுதியிருக்கேன். தமிழ்லயும் எழுதுவேன், மலாய்லயும் எழுதுவேன். கொஞ்ச நாள்ல போன் வர ஆரம்பிச்சுச்சு. "மழையைப் பத்தி எழுதுற அக்காவா?" இதுதான் முதல் கேள்வி. கோலா கெடாவுல மீன் மொத்த வியாபாரம் பண்ற ஒரு அண்ணே, நான் எழுதினதைப் படிச்சுட்டு, நேரா வந்து வீட்டை ஒரு தடவை பாத்துட்டு வாங்கிட்டாரு. எதிர்க்கேள்வியே இல்ல.

அதுல ஒரு பக்கம் நான் பொறந்த தோட்டத்தைப் பத்தினது. ரப்பர் கித்தா போய் எண்ணெய்ச் செம்பனை வந்துச்சு, செம்பனை போய் தாமான் வந்துச்சு. வீட்டுக்கம்பெனி ஒரு வெள்ளைக்காரப் பேரா பாத்து வச்சு, வாசல்ல ரெண்டு சிங்கத்தையும் உக்கார வச்சுட்டான். சாக்கடை ஓரமா கீழ் வரிசை நிக்கிற இடம் பள்ளம். நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப மழைக்காலத்துல அங்க மாடுகூட இறங்காது. மண்ணைக் கொட்டி மேடாக்கினாங்க, பத்தல. நான் மழையில போய் நின்னு படம் எடுத்து எழுதினேன்: மேல் வரிசையில தைரியமா வாங்குங்க, சாக்கடை ஓரத்து வரிசையில பெருமழைக்குத் தண்ணி கார் நிறுத்துற இடம் வரைக்கும் வருது.

சரி, பயிற்சியாளர் கதைக்கு வர்றேன். அவரு பெரிய திரையில ஏஐயைத் திறந்து, "பாருங்க, எவ்வளவு சுலபம்"னு அந்தத் தாமான் பேரையே போட்டு, வாங்கலாமான்னு மலாய்ல கேட்டாரு. பதில் வந்துச்சு. மேல் வரிசை நல்லது, சாக்கடை ஓரத்து வரிசையில பெருமழைக்குத் தண்ணி கார் நிறுத்துற இடம் வரைக்கும் வரும்னு.

அடப்பாவி! அது நான் நனைஞ்சு எழுதினது. வேற யாரும் அதை எழுதல, எழுதவும் துணியல. என் சோத்தைத் தின்னுட்டு என் முன்னாடியே ஏப்பம் விடுது.

"பாத்தீங்களா அக்கா? பதில் இங்கயே கெடச்சிருச்சு. உங்க பக்கத்தை யாரு திறக்கப்போறா?"ன்னாரு.

"தம்பி, இந்தப் பதிலை அதுக்கு யாரு சொன்னா? அது குடை புடிச்சுக்கிட்டு வந்து மழையில நின்னுச்சா?"

அறையே சிரிச்சுருச்சு. அவரு தண்ணி பாட்டிலைத் தேடினாரு.

எனக்கு வலிக்காம இல்ல. முன்ன வந்த அளவுக்கு இப்ப ஆளுங்க என் பக்கத்துக்கு வர்றதில்ல, அது நிஜம். பொழுதுபோக்குக்குத் தேடுறவங்களை வீடியோவும் ஏஐயும் அள்ளிக்கிட்டுப் போயிருச்சு. போகட்டும்லா. ஆயுசுக்கும் கடன் கட்டப்போறவங்க ஏஐ சொன்னதோட நிறுத்துறதில்ல. யாரு சொன்னது, படம் எங்கன்னு தேடிக்கிட்டு வருவாங்க. எனக்கு அவங்க வந்தாப் போதும்.

அந்தப் பயிற்சி முடிஞ்ச கொஞ்ச நாள்ல பாஸுக்கு ஒரு பெரிய வேலை கெடச்சுச்சு. அதே தாமானோட ரெண்டாவது கட்ட வீடுகளை விக்கிற வேலை. அதே பள்ளத்துல இன்னும் கீழ. ஆபீஸே கேக் வெட்டுச்சு. நான் மட்டும் கேக்கைத் தொடல.

ஒரு சாயங்காலம் ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. புருஷனும் பொண்டாட்டியும் ஃபேக்டரியில வேலை, ரெண்டு புள்ளைங்க, இன்னும் தோட்டத்து வீட்டுலதான் குடியிருக்காங்க. தோட்டம் கைமாறுது, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. "அக்கா, நாளைக்கு நாங்க ரெண்டாவது கட்டத்துல புக்கிங். எங்க ரெண்டு பேரு சேமிப்பும் அதுலதான் போகுது. நீங்க தண்ணி ஏறுதுன்னு எழுதியிருக்கீங்களே, அது இதுக்கும் சேத்தா?"

என் ஏஜென்சி விக்கிற வீடு. "இல்லம்மா, அது பழைய வரிசைக்கு மட்டும்"னு சொல்லியிருந்தா வேலை முடிஞ்சது. எனக்கு நாக்கு எழும்பல. "இதை நான் இன்னும் மழையில பாக்கல. ஆனா இடம் எனக்குத் தெரியும், பழசைவிடப் பள்ளம். கையெழுத்துப் போடாதீங்க. மழை வரட்டும், போய் நின்னு பாப்போம்"னேன்.

மறுநாள் அதுங்க ரெண்டும் விற்பனைக் கூடாரத்துக்குப் போயி, என் பக்கத்தைத் திறந்து காட்டி, இப்ப வேணாம்னு சொல்லிட்டு வந்துருச்சுங்க. அன்னைக்கே பாஸ் என்னை அறைக்குள்ள கூப்பிட்டாரு.

"உக்காரு தங்கச்சி." கோவம் வந்தாத்தான் அவரு தங்கச்சின்னு கூப்பிடுவாரு. "அந்தப் பக்கத்தை எடுத்துரு."

"அதுல என்ன பொய் இருக்கு அண்ணே?"

"பொய்யின்னு நான் சொன்னேனா? எடுத்துருன்னேன். நாம விக்கிற வீட்டை நாமளே விக்க விடாம பண்ணுவோமா? எடுக்கலன்னா உன் அட்டையைக் குடுத்துட்டுப் போயிரு."

கழுத்துல தொங்குற சிவப்பு அட்டை இல்லாம இந்த நாட்டுல ஒரு ஏஜெண்டு நாய்க்கூண்டைக்கூட விக்க முடியாது. ஒரு ஏஜென்சி சேத்துக்கிட்டாத்தான் அது கிடைக்கும். அதைக் கழட்டினா என் வருமானம் அன்னைக்கே நின்னுரும். எனக்கும் வீட்டுக்கடன் இருக்கு. ஆனா எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

"அண்ணே, எஸ்.இ.ஓ செத்துப் போச்சு, எவனும் தேடிப் படிக்க மாட்டான்னு ஆளைக் கூட்டிட்டு வந்து சொல்ல வச்சீங்க. யாருமே படிக்காத பக்கத்துக்கு எதுக்கு இந்தப் பயம்?"

அட்டையைக் கழட்டி மேசையில வச்சுட்டு வந்துட்டேன். படியில இறங்குறப்ப அழுதேன். ஆத்திரத்துல வந்த அழுகை அது, துக்கமில்ல.

அடுத்த வாரமே வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சு. அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சு, நான் காரை எடுத்தேன். அதுங்க புக்கிங் பண்ண இருந்த வீடு ஏறக்குறைய கட்டி முடிஞ்சிருந்துச்சு. நாங்க போறதுக்குள்ள சாக்கடை எது ரோடு எதுன்னு தெரியல. அந்தப் பொண்ணு செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, சேறும் தண்ணியுமா வாசல் வரைக்கும் நடந்துச்சு. வாசப்படி தண்ணிக்குள்ள இருந்துச்சு. அந்தப் பொண்ணு அங்கயே நின்னு, "ஐயோ அக்கா, இதுக்குள்ளயா எம்புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்திருப்பேன்"னு விட்டு அழுதுச்சு.

கூடாரத்துலருந்து ஒருத்தன் ஓடியாந்து, "படம் எடுக்கக்கூடாது"ன்னு கத்தினான். கூட வந்திருந்த புருஷன் போனை எடுத்தாரு. "நான் வாங்கப்போன வீடு, நான் எடுப்பேன்"னு சொல்லி வாசலை எடுத்தாரு, சாக்கடையை எடுத்தாரு, கத்துறவனையும் சேத்து எடுத்தாரு. எல்லாத்தையும் எனக்கு அனுப்பினாரு. கத்துறவன் படத்தை மட்டும் விட்டுட்டு, நனைஞ்ச துணியோட கார்லயே உக்காந்து, அந்தப் பழைய பக்கத்துலயே ரெண்டாவது கட்டத்தையும் சேத்தேன்.

கொஞ்ச நேரத்துல பாஸ் போன் வந்துச்சு. இந்தத் தடவை தங்கச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல.

"என்னமோ படம் போட்டிருக்கியாமே, எங்க போட்டிருக்க?"

"தேடிப் பாருங்க அண்ணே"ன்னேன். "முதல்ல வர்றதே அதுதான்."