நம்பர் ஒன் வாரம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து ஓடும் லோரியில் உட்கார்ந்து எழுதியது போலத்தான் இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்று இன்றைக்கும் தடுமாறுவேன். படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். எழுத்தில்தான் பிழை இருக்கும், விஷயத்தில் இருக்காது.

எழுபதுகளின் கடைசியிலிருந்து நான் கிள்ளானில் ஒரு மீன் கம்பெனிக்கு லோரி ஓட்டினேன். கிழக்குக் கரையில் இருக்கும் குவந்தான் போய் மீன் ஏற்றிவந்து கிள்ளான் பாசாரில், அதாவது சந்தையில், இறக்குவது என் வேலை. எந்த டிரைவருக்கு எந்தப் பயணம் என்பதை எங்கள் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா, முடிவு செய்வார். சனிக்கிழமைதோறும் அவரே வாசலில் இருந்த கரும்பலகையில் சாக்குக் கட்டியால் எழுதிப் போடுவார். பதினோரு வருடம் அவர் எழுதியபடி ஓட்டினேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு நாள் கிராணி என் தோளில் கைபோட்டு, "ஞாயித்துக்கிழமை ஒன் சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாயா" என்றார். அவர் வீடு பிரிக்பீல்ட்ஸில். அதுவரை ஒரு தீபாவளிக்குக்கூட எங்களை அழைத்ததில்லை. என் மனைவி கல்யாணப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

அங்கே தேநீர் கொடுத்தார்கள், கேக் கொடுத்தார்கள். பிறகு கிராணி பளபளப்பான ஒரு தாளை மேசையில் விரித்தார். கிழக்குக் கரையில் ஒரு ஹோட்டலின் படம். அதன் பெயர்ப்பலகையை நான் ஒவ்வொரு பயணத்திலும் தாண்டிப் போயிருக்கிறேன்.

"இதுக்குப் பேரு டைம்ஷேர். முழு ரூமையும் வாங்க வேணாம். வருசத்துல ஒரு வாரத்தை மட்டும் வாங்கணும். முப்பது வருசத்துக்கு அந்த வாரம் ஒங்களுக்குச் சொந்தம்."

"மத்த வாரமெல்லாம்?" என்று என் மனைவி கேட்டாள்.

"மத்தவங்களுக்கும்மா. நீ அம்பத்திரண்டு வாரமும் அங்கேயே இருந்துட்டா இவருக்கு யாரு சோறு போடறது?"

எல்லோரும் சிரித்தோம். கோலாலம்பூரில் ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கூப்பிட்டு, பிளாஸ்க் ஒன்றைப் பரிசாகக் கொடுத்து, அவருக்கு அதை விற்றார்களாம். இப்போது பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டதால் கூட வருவதில்லையாம். எங்களுக்குப் பாதி விலைக்கே தருகிறாராம், பெயரை மாற்றினால் போதுமாம். பராமரிப்புக்கு வருடாவருடம் ஒரு தொகை கட்ட வேண்டும் என்பதைக் கேக்கை நீட்டிக்கொண்டே சொன்னார்.

"எந்த வாரம்ங்க, ஐயா?" என்று கேட்டேன். அன்று நான் பேசியதே அது ஒன்றுதான்.

கிராணி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "நம்பர் ஒன் வாரம் லா! இதுக்கு மேல வாரமே கெடையாது."

எங்கள் பேச்சில் நம்பர் ஒன் என்றால் முதல் தரம். நம்பர் ஒன் கறி, நம்பர் ஒன் மெக்கானிக் என்போம். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

கிள்ளான் பஸ்ஸில் என் மனைவி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "பதினோரு வருசமா நீங்க கடல் பக்கம் போயிட்டு வரீங்க. எனக்கு வந்து சேர்றது மீன் கவிச்சிதான்." அந்த மாதம் அவளுக்குச் சீட்டு விழ இருந்தது. நாங்கள் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். மலிவு வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்டுவதற்கென்று அவள் துணி துவைத்துப் போட்டுவந்த சீட்டு அது. "வீடு அடுத்த சீட்டுல பாத்துக்கலாம்" என்று அவளே சொல்லிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம், கிராணி கொடுத்தனுப்பிய அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலம் எனக்குத் தெரியாது, எண்கள் தெரியும். தாளின் கீழே ஒன்றிலிருந்து ஐம்பத்திரண்டு வரை சின்னச் சின்னக் கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள். தரம் என்றால் எதற்கு ஐம்பத்திரண்டு தரம்? சுவரில், குதிரைப் பந்தய நாட்கள் குறித்திருக்கும் குதிரைக் காலண்டர் தொங்கியது. அதில் வாரங்களை விரல் வைத்து எண்ணினேன். ஐம்பத்திரண்டில் முடிந்தது. அப்படியென்றால் முதல் கட்டம் ஜனவரியின் முதல் வாரம்.

பழைய காலண்டர்களை நாங்கள் கழற்றுவதில்லை. புதியதை அதே ஆணியில் மேலே மாட்டிவிடுவோம். குவந்தானிலிருந்து மீன் கொண்டுவந்த நாட்களில் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுவைப்பது என் பழக்கம். நான்கு வருடத்துக் காலண்டர்களைப் புரட்டினேன். ஜனவரி முதல் வாரத்தில் ஒன்றிலாவது ஒரு கோடு இருக்க வேண்டுமே. இல்லை. எப்படி இருக்கும்? அது கிழக்குக் கரையில் மழைக்காலம். படகுகள் கடலுக்குப் போகாது, பாதையில் வெள்ளம் ஏறும், மீன் வராது. அந்த வாரம் வந்தால் கரும்பலகையில் 'கிழக்கு இல்லை' என்று எழுதுகிறவர் யார்? இதே கிராணி. வருடாவருடம், தன் கையால்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மனிதர் பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஒரு பொய்யும் சொல்லவில்லை. நம்பர் ஒன் என்றார், அது நம்பர் ஒன்தான். அவர் தலையில் யாரோ அதைக் கட்டியிருக்கிறார்கள், சரி. அதை இறக்கிவைக்க அவர் என் தலையை எதற்குத் தேடினார்? அங்கே லோரி ஓட்டுகிறவனிடமே அந்த மழையை விற்கலாம் என்று எந்தத் தைரியத்தில் நினைத்தார்? இவன் கேட்கமாட்டான், கேட்டாலும் இவனுக்குப் புரியாது என்ற தைரியம்தான்.

சனிக்கிழமை ஆபீசுக்குப் போனேன். இரண்டு டிரைவர்களும் எங்கள் மெக்கானிக்கும் அங்கே நின்றார்கள். தாளை மேசையில் வைத்தேன்.

"ஐயா, இந்த மொத வாரம் ஜனவரிங்களா?"

"ஆமாயா. புது வருசம். ஜோரா இருக்கும்."

"மழைங்களே, ஐயா."

"ரூமுக்குக் கூரை இருக்குயா! நீ என்ன லோரியிலயா படுக்கப் போற?"

எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக்தான் சத்தமாகச் சிரித்தான். நான் கரும்பலகையைப் பார்த்தேன். "வேண்டாங்க" என்பது மட்டும் வெளியே வந்தது.

"ஒனக்குப் புரியல. சம்சாரத்தை அனுப்பு, அதுக்காவது வெவரம் இருக்கு."

"புரிஞ்சிருச்சுங்க. அதான் வேணாங்குறேன்."

தாளை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மனைவி இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலண்டர்களை அவள் முன்னால் பரப்பிக் காட்டினேன். "நீங்க வேலையில்லாம வீட்ல உக்காந்துகிட்டு மணிக்கொரு தடவ டீ கேப்பீங்களே, அந்த வாரமா?" என்றாள். பிறகு என்னைவிட அவளுக்குத்தான் கோபம் அதிகமானது. "இதுக்கா நான் பட்டுச் சேலை கட்டிக்கிட்டுப் போனேன்!" என்று அந்த வாரம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிராணி கம்பெனி முழுக்கச் சொன்னார், படிக்காதவனுக்கு நல்லது செய்யப்போனால் இப்படித்தான் என்று. இரண்டு மாதம் கழித்து ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அதே 'நம்பர் ஒன் வாரம்' என் காதில் விழுந்தது. கிராணி இப்போது மெக்கானிக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே மெக்கானிக் என்னிடம் வந்து, "அண்ணே, ஒங்களுக்குப் புரியாதது எனக்குப் புரிஞ்சிருச்சு. வாங்கிட்டேன்" என்று கண்ணடித்தான்.

பெயர் மாற்ற இன்னும் ஒரு வாரம் இருந்தது. நான் சொல்லியிருக்கலாம். இவனும் சிரித்தவன்தானே என்று தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

ஜனவரியில் மெக்கானிக் தன் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் மச்சானுடைய காரில் ஏற்றிக்கொண்டு போனான். கடலில் இறங்கக்கூடாது என்று கடற்கரையில் சிவப்புக் கொடி. பிள்ளைகள் அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். திரும்பும் வழியில் பாதை வெள்ளத்தில் மூழ்கி, ஒரு பள்ளி மண்டபத்தில் தங்கினார்கள். அவன் வேலைக்கு நான்கு நாள் பிந்தி வந்தான். பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிவிட்டிருந்தது. அந்த நான்கு நாளையும் சொல்லாமல் வேலைக்கு வராமல் நின்றதாக எழுதிச் சம்பளத்தில் பிடித்தவர் அந்தக் கிராணிதான். இதை எழுதும்போதும் என் பேனா தாளைக் கிழிக்கிறது.

மெக்கானிக் என்னிடம் வந்தான். "நீங்க அதிர்ஷ்டத்துல தப்பிச்சிட்டீங்க, அண்ணே."

"அதிர்ஷ்டம் இல்ல தம்பி. காலண்டர்ல எண்ணிப் பாத்தேன்."

"அப்ப ஒங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டவர் கிராணி ஒருவர்தான் என்று அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிராணி ஓய்வு பெற்றுப் போய்விட்டார். மெக்கானிக்கின் வீட்டுக்கு வருடாவருடம் கட்டணக் கடிதம் வருகிறது. வேறு யாருக்காவது விற்றுவிடு என்று பலரும் சொன்னார்கள். "யாருக்குண்ணே விக்கிறது? மனசு வரல" என்று போன வாரமும் என்னிடம் சொன்னான். அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். யாராவது உங்களுக்கு வாரத்தை எண் போட்டு விற்க வந்தால், அது எந்த மாதம் என்று கேளுங்கள். கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள். தெரிந்த பிறகு பக்கத்தில் இருப்பவனிடமும் சொல்லுங்கள், அவன் உங்களைப் பார்த்துச் சிரித்தவனாக இருந்தாலும்.

கிள்ளான், 6 மார்ச் 1994, ஞாயிற்றுக்கிழமை.