மாப்பிள்ளையின் காருக்கு என் பெயர்

ஹட்டனில் என் ஜவுளிக்கடை முறிந்து, கடனைக் கட்ட வழியில்லாமல் கோர்ட்டில் வங்குறோத்து வழக்கு நடந்துகொண்டிருந்த சமயம். அப்போதும் என் வீறாப்புக்குக் குறைவில்லை. தங்கச்சி மாப்பிள்ளை பூண்டுலோயாப் பக்கத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். அவன் பக்கத்தில் உட்கார்ந்தாலே கொழுந்து வாடை என்று முகம் சுளித்து ஜன்னலைத் திறப்பவன் நான். அவன்தான் தன் பழைய காரைக் கொடுத்தான்.

"கோர்ட்டுக்கு அலையிறீங்க, வச்சிக்கங்க மச்சான். இன்சூரன்ஸ மட்டும் எம் பேர்ல கட்டிருங்க."

கட்டினேன், என் பெயரில். சொந்தக்காரனே நான்தான் என்று எழுதச் சொன்னேன். மாரியம்மன் கோயில் வாசலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, என் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தேன். வாய் பிளந்து பார்த்த ஊரை நினைத்துச் சிரித்தேன். மடப்பயல்கள்!

அந்த மடப்பயல்களில் எவனோ, நான் கடன்காரர்களுக்குத் தெரியாமல் சொத்தை ஒளிப்பதாகக் கோர்ட்டுக்கு எழுதிப் போட்டான். கோர்ட்டு காரைப் பிடித்துக்கொண்டது.

மாப்பிள்ளை தன் பெயரிலிருந்த கார்ப் பதிவுப் புத்தகத்தோடு வந்து நின்றான். நீதிபதி இன்சூரன்ஸ் தாளைக் காட்டி, "கார் இவருடையது என்றால் நீ யார்?" என்று என்னைக் கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல் மாப்பிள்ளை தலை குனிந்துகொண்டான்.

"பொய்யா எழுதிட்டேனுங்க. நான் வெறும் டிரைவருங்க" என்றேன்.

கோர்ட்டே சிரித்தது.

கார் திரும்பக் கிடைத்தது. வெளியே வந்ததும் பின் கதவைத் திறந்துபிடித்து நின்றேன். பணிவு இல்லை, குத்தல்தான். அவன் அந்தக் கதவைச் சாத்திவிட்டு, முன்னால் வந்து, டிரைவர் சீட்டில் ஏறிய என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"காலையில இருந்து நீங்க ஒண்ணுமே சாப்பிடலயே மச்சான்."

கார் முழுக்கக் கொழுந்து வாடை. கண்ணாடியை இறக்க எனக்குக் கை வரவில்லை.